எல்லைக்கு அந்தப் பக்கம் போன பெட்டிகள்

அன்புள்ள மதினி,

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஃபிரிட்ஜ் வந்தது. மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து வேனில் ஏற்றிவந்த இரண்டு பேர் அதை வாசலில் இறக்கி, மேலே சுற்றியிருந்த அட்டையைக் கிழித்து, அடியில் கிடந்த மரச்சட்டத்தின் ஆணிகளை நெம்பினார்கள். பலகை விலகியதும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிசினும் தூசியும் கலந்த கள்ளிப்பெட்டி வாசனை. எத்தனை வருடம் கழித்து அது என் மூக்கில் ஏறியது என்று எனக்கே தெரியவில்லை.

வந்தவர்களில் மூத்தவர் பலகைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். "அதை இங்கேயே போட்டுட்டுப் போங்களேன், அடுப்பெரிக்கிறவங்க யாராவது எடுத்துக்குவாங்க" என்றேன்.

"இல்லம்மா. பார்ட்டி வீட்ல விடக்கூடாது. கம்பெனியே திருப்பி எடுத்துக்கிறணும்னு ரூலு."

ரூலு. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வேன் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. இந்த ஒரு சொல்லுக்காக நீங்கள் தல்லாகுளம் அலுவலகத்து மரப்பெஞ்சில் எத்தனை பகல் உட்கார்ந்திருந்தீர்கள்! உங்களிடம் பேசி ரொம்ப நாளாகிறது, மதினி. சொல்ல வேண்டிய ஒரு சேதியும் என்னிடம் பாக்கி இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் அம்மா இறந்த பிறகு, அண்ணன்தான் என்னை ஊரிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. 'வயசுப் பிள்ளை, தனியாக விடுதியில் இருக்க வேண்டாம்' என்று சொன்னது அண்ணன் இல்லை, நீங்கள். யானைக்கல் பக்கத்தில், முன்னால் கிட்டங்கி, பின்னால் வீடு. கிட்டங்கி என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பழக்கடை, வளையல் கடை, சோப்புக் கடை, மில்லு என்று ஊரில் எங்கெல்லாம் சரக்கு இறங்குகிறதோ அங்கெல்லாம் மிஞ்சும் காலி மரப்பெட்டிகளை அண்ணன் தட்டுவண்டியில் வாங்கி வரும். கிட்டங்கியில் ஆணி பிடுங்கி, உடைந்த பலகையை மாற்றி, மறுபடி பெட்டியாக்கித் தக்காளிக்கும் கொய்யாவுக்கும் விற்பீர்கள். தேறாதது விறகு.

கொள்முதல்தான் அண்ணனுடையது, கிட்டங்கி உங்களுடையது. சேலைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கொண்டையில் மரத்தூளோடு நீங்கள் நின்ற நிற்பு எனக்கு இன்னமும் தெரிகிறது. உங்கள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். "பொம்பளை சிரிக்கிற சிரிப்பா இது" என்று அண்ணன் முணுமுணுக்கும். அதற்கும் சேர்த்துச் சிரிப்பீர்கள்.

திருவாதவூரில் பிறந்து, கல்யாணமாகி மதுரைக்கு வந்ததைத் தவிர வேறு எந்த ஊருக்கும் போகாதவர் நீங்கள். ஆனால் உலகம் உங்கள் கிட்டங்கிக்கு வந்தது. நான் வேலை விட்டு வந்ததும் கையைப் பிடித்து இழுப்பீர்கள்.

"வசந்தா, இந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு, வாசி."

"பாம்பே, மதினி."

"கடலு பக்கத்துல இருக்குமே, அதா? அப்ப இது?"

"சிம்லா. ஆப்பிள் பெட்டி."

"அங்க பனி விழுமாம்ல. பலகையத் தொட்டுப் பாரு, இன்னும் குளுருது." தகரக் கொட்டகையின் கொதிக்கும் வெயிலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல உங்களால்தான் முடியும்.

ஆணி பிடுங்க நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் முத்துப்பேச்சி உங்களுக்குத் தங்கை மாதிரி. ஆற்றுக்கு அந்தக் கரையில் குடிசை. புருஷன் லாரியில் போனவன், எப்போதாவது வருவான். பிள்ளை பிறந்து இரண்டு மாதத்திலேயே வேலைக்கு வந்துவிட்டாள். "பச்ச ஒடம்பு, வராதடி" என்று நீங்கள் திட்டினீர்கள். "வீட்ல இருந்து என்னக்கா பண்ண? இங்கன்னா உங்க சோறாவது கெடைக்கும்" என்றாள். நீங்கள் உள்ளே போய் அரிசியைக் கூடப் போட்டு உலையை வைத்தீர்கள்.

தனம் என்று பெயர் அந்தப் பிள்ளைக்கு. முதலில் வேப்பமரத்தில் தூளி கட்டித் தூங்க வைத்தார்கள். உட்காரப் பழகியதும் தூளியில் நிற்கவில்லை, தவழ்ந்து வந்து ஆணிக்குவியலுக்குள் கையை விட்டது. அதனால் ஒரு பெரிய ஆப்பிள் பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே பழந்துணி விரித்து, அதற்குள் உட்கார வைத்தீர்கள். பிள்ளை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும். பல் முளைக்கிற பருவம், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். பலகை விளிம்பைக் கடித்துக் கடித்து எச்சிலாக்கும். வேலைக்கு நடுவே ஒவ்வொருவரும் போய் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். நான் அலுவலகத்திலிருந்து வந்தால் என் கைப்பையைப் பார்த்துக் கூச்சல் போடும்.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம். ஆப்பிள் பெட்டியின் அடிப்பலகை உடைந்துபோனது. அன்று காலையில் அண்ணன் ஓர் உரக்கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று நன்றாக இழைத்த பலகையில், மூலைக்கு மூலை தகரப்பட்டை அடித்து, புத்தம் புதிது போல் இருந்தது. பெயர் எழுதிய பலகையைக் கடைக்காரர்கள் அலமாரித் தட்டு செய்ய எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறு பலகை அடித்திருந்தார்கள். எந்த ஊர்ப் பெட்டி, என்ன வந்த பெட்டி என்று வாசிக்க அதில் ஒன்றுமில்லை. "தனத்துக்குப் புது வீடு" என்று நீங்களே துடைத்து, துணி விரித்து, பிள்ளையைத் தூக்கி அதற்குள் விட்டீர்கள்.

உள்ளே ஏதோ புட்டி உடைந்து, பூச்சிமருந்து பலகையில் ஊறிக் காய்ந்திருந்தது. அது பிறகு தெரிந்தது. ஒரு வாடை இருந்ததாம். கிட்டங்கியில் எந்தப் பெட்டிக்குத்தான் வாடை இல்லை?

அன்று எனக்கு அரைநாள் விடுப்பு. மத்தியானம் நான் வரும்போது கிட்டங்கியில் ஓர் அலறல். தனத்தின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க வியர்வை. கையும் காலும் தனித்தனியாகத் துடித்தன. "வலிப்பு, இரும்பைக் கையில குடுங்க" என்றது ஒரு குரல். நீங்கள் யார் சொன்னதையும் கேட்கவில்லை. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், பெரியாஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். முத்துப்பேச்சியும் நானும் பின்னால்.

பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, "வயல்ல மருந்தடிச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"நாங்க டவுன்ல இருக்கோம் சார். வயலே இல்ல" என்றேன்.

"அப்ப இந்த மருந்து எங்கிருந்து வந்துச்சு?"

உங்கள் முகத்தை நான் அப்போது பார்த்தேன், மதினி. டாக்டருக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் முத்துப்பேச்சிக்கும் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தீர்கள்.

மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

அதற்குப் பிறகு உங்கள் சிரிப்பை நான் கேட்டதில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று அண்ணன் சொன்னது, நான் சொன்னேன், அக்கம்பக்கமெல்லாம் சொன்னது. ஒவ்வொரு தடவையும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பீர்கள். எங்கள் வார்த்தை எதுவும் உங்களுக்குள் போகவில்லை. காரியம் முடிந்து முத்துப்பேச்சி வேலைக்குத் திரும்பிய அன்று, நீங்கள் அவள் முன்னால் போய் நின்றீர்கள். அவள் உங்களைப் பார்க்காமல், ஆணிக்குறட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

சில நாள் கழித்துச் சோறு போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "வசந்தா, இதுக்கு ஒரு சட்டம் வேணும்."

அண்ணன் கையை உதறியது. "எதுக்குச் சட்டம்?"

"வெசம் வந்த பெட்டியக் கடைக்காரன் வெளிய விக்கக்கூடாதுன்னு. அவனே ஒடச்சு, அவனே அழிக்கணும். நம்ம மாதிரி ஆளுக கைக்கே வரக்கூடாது."

"போய்ச் சொன்னா முதல்ல நம்மளத்தான் கேப்பாக. உன் கிட்டங்கியிலதான பிள்ளை செத்துச்சுன்னு."

"கேக்கட்டும். ஆமான்னு சொல்லுறேன்."

மறுநாள் என்னோடு பஸ் ஏறித் தல்லாகுளம் வந்தீர்கள். என் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் மாநகராட்சி அலுவலகம். அங்கே சுகாதாரப் பிரிவு அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நல்ல மனிதர். நீங்கள் சொல்வதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். 'நான்தான் சார் பிள்ளையை அதுக்குள்ள விட்டேன்' என்று நீங்கள் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இப்படி ஒரு விதி இதுவரைக்கும் இல்லம்மா" என்றார். "பெட்டியை யாரும் சரக்காவே நினைக்கிறதில்ல. உள்ள இருக்கிறதுக்குத்தான் விதியெல்லாம். நான் எழுதி மேலே அனுப்புறேன். ஆனா நாளாகும். நீங்க விடாம வந்து ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்."

அதைத்தான் நீங்கள் செய்தீர்கள். வெயிலிலும் மழையிலும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் என் அலுவலகத்திலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் டப்பாவைத் திறப்பேன். "இன்னைக்கு ஃபைலு அடுத்த மேசைக்குப் போயிருக்காம்" என்பீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போன மாதிரி.

விதி வந்தது. எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அறிவிப்பின் ஒரு பிரதியை அந்த அதிகாரியே கொடுத்தனுப்பினார். கிட்டங்கி வாசலில் நின்று நான் வாசிக்க, நீங்களும் அண்ணனும் பெண்களும் சுற்றி நின்று கேட்டீர்கள். பூச்சிமருந்து விற்கும் கடைகள் காலிப் பெட்டிகளை விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது, உடைத்து அழிக்க வேண்டும். முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அங்கேயே வாசிப்பை நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதி அதோடு முடியவில்லை. பழைய மரப்பெட்டிகளைச் சேர்த்து வைப்பவர்களும் இனி உரிமம் வாங்க வேண்டும், குடியிருப்புத் தெருவில் கிட்டங்கி கூடாது, சுற்றுச்சுவர் வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும்.

வாசித்து முடித்தேன். அண்ணன்தான் மெதுவாகச் சொன்னது:

"நீ நடையா நடந்து வாங்கிட்டு வந்த சட்டம், முதல்ல உன் கதவைத்தான் பூட்டுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் உங்களுக்குத் தாங்கியிருக்கும். அண்ணன் இரக்கத்தோடு சொன்னது.

அதில் எதையும் தவறு என்று இன்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, மதினி. சுவரும் தரையும் குழாயும் வேண்டியவைதான். ஆனால் ஊருக்கு வெளியே இடம் பிடித்துச் சுவர் எழுப்ப நமக்கு ஏது வசதி? கையில் முதல் இருந்த இரண்டு பேர் உரிமம் வாங்கினார்கள். மற்றக் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நீங்கள் வழியில் போனால் அடுத்த கிட்டங்கிக்காரர், உங்களை 'மதினி, மதினி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்: "ஒரு பிள்ளைக்காக இம்புட்டுப் பேர் வயித்துல அடிச்சுட்டீங்களே, இது நியாயமா?" நீங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம், "அவரு சொல்றதும் நெசந்தான?" என்றீர்கள்.

ஆணி பிடுங்கிய பெண்கள் சித்தாள் வேலைக்கும் பாத்திரம் தேய்க்கவும் போனார்கள். அண்ணன் ஒரு மரக்கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தது. நம் கிட்டங்கியில் விற்காமல் மிஞ்சிய நல்ல பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. போனது போகட்டும், அந்த விஷமாவது இனி யார் கைக்கும் போகாது என்று ஒரே ஓர் ஆறுதல் உங்களுக்கு இருந்தது.

அந்த ஆறுதலும் தை மாதம் வரைதான். பொங்கலுக்கு நாம் இருவரும் திருவாதவூரில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போனோம். கை கழுவப் பின்கட்டுக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், மூலையில் இருந்த ஒரு மரப்பெட்டியின் முன்னால் குத்தவைத்திருந்தீர்கள். இழைத்த பலகை, மூலைக்கு மூலை தகரப்பட்டை. உள்ளே நிலக்கடலை. மேலே இருந்த கடலையை உங்கள் தம்பி பிள்ளைகள் அப்போதுதான் அள்ளித் தின்றுவிட்டு ஓடியிருந்தார்கள்.

பெட்டியை அப்படியே புரட்டிக் கவிழ்த்தீர்கள். கடலையை மண்ணில் மிதித்தீர்கள். தம்பி பெண்டாட்டி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன மதினி இது! அருமையான பெட்டி, அதைப் போயி..."

"இது ஏது உனக்கு? யார் குடுத்தா?"

"மேலூர்ச் சந்தையில வாங்கினது. லாரியில கொண்டாந்து குவிச்சுப் போட்டுருக்காக. ஊருல எல்லாரு வீட்லயும் கெடக்கு."

பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவர் கண்ணையும் விரித்துப் பார்த்தீர்கள், பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்த மாதிரியே. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெட்டியில் மருந்து ஊறியிருக்கவில்லை போல. ஆனால் பொங்கல் சோறு உங்களுக்கு இறங்கவில்லை. பொழுது சாயும் வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தீர்கள். ஒரு வீட்டில் கோழி அடைத்திருந்தார்கள், ஒரு வீட்டில் விதைநெல். ஒன்றில் துணிமணி.

ஊர் திரும்பியதும் நேராக அந்த அதிகாரியிடம்தான் போனோம். "விதி நகர எல்லைக்குள்ள மட்டும்தாம்மா" என்றார். "கடைக்காரங்க இங்க விக்கிறதில்ல. எல்லை தாண்டி லாரிக்காரன்கிட்ட கொடுத்துடறாங்க. அங்க கேட்க எனக்கு அதிகாரம் கிடையாது. எழுதிப் பார்க்கிறேன். ஆனா வர்ற மாசத்தோட எனக்கு ஓய்வு."

"ஏன் சார், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்குறதும் பிள்ளைகதான?" என்று கேட்டீர்கள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். அவர் எழுந்து கைகூப்பினார். அவரும் தன்னால் முடிந்ததைச் செய்தவர். அவர் எழுதியது எந்த மேசையில் நின்றதோ, நமக்குத் தெரியாது.

அடுத்து நீங்கள் செய்தது எவருக்கும் தோன்றாத ஒன்று. கிட்டங்கியில் மிஞ்சிய நல்ல பெட்டிகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினீர்கள். "நல்ல பெட்டி தாரேன், அந்தப் பெட்டியக் குடுங்க" என்று வாசல் வாசலாகக் கேட்டீர்கள். மேலூர், திருவாதவூர், அதைச் சுற்றிய ஊர்கள். சிலர் சிரித்தார்கள். சிலர், உங்களுக்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று நினைத்துக் கொடுக்க மறுத்தார்கள். அவர்களிடம் தனத்தின் கதையைச் சொன்னீர்கள். ஒவ்வொரு வாசலிலும், 'நான்தான் பிள்ளையை அதுக்குள்ள விட்டேன்' என்று ஆரம்பித்துச் சொன்னீர்கள். கேட்ட தாய்மார் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வருவார்கள்.

நீங்கள் கிளம்பிய முதல் நாளே முத்துப்பேச்சி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நீங்கள் அவளைக் கூப்பிடவில்லை. "வா" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்ததும் அவள் பின்னால் நடந்தாள். சித்தாள் வேலை இல்லாத நாளெல்லாம் வந்தாள். வாங்கிய விஷப் பெட்டிகளை வழியில் ஒரு செங்கல் சூளையில் கொடுத்து எரித்தீர்கள். சூளைக்காரர் நல்லவர், எரியும் சூளையில் அவற்றைப் போட இடம் கொடுத்தார். ஆனால் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி, உடைத்து, நெருப்பில் தள்ளியதெல்லாம் நீங்கள் இருவரும்தான். கையில் பழந்துணி, மூக்கில் முந்தானை. வேறு என்ன இருந்தது உங்களிடம்?

முதலில் திட்டிக்கொண்டிருந்த அண்ணன், போகப்போக ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டங்கியில் உட்கார்ந்து, மாற்றுக்குக் கொடுக்கும் பெட்டிகளைப் பழுது பார்த்தது. "இவ நிறுத்தமாட்டா. ஒடஞ்ச பெட்டியக் குடுத்தா நமக்குத்தான கேவலம்" என்று என்னிடம் சொன்னது. அண்ணனுக்குப் பாசத்தைச் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை தெரியாது.

கூரை வரை இருந்த அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு, வீட்டுப் பீரோவுக்கு அடியில் இருந்த பெட்டியையும் நீங்கள் எடுத்துப் போனது எனக்குத் தெரியும். ஆனால் சந்தையில் லாரி வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மனுஷியும் ஒரு மாட்டுவண்டியும் எத்தனை வீட்டுக்குப் போய்விட முடியும்? பின்னாளில் மருந்தெல்லாம் அட்டைப் பெட்டியில் வரத் தொடங்கியது, கள்ளிப்பெட்டி தானாகவே நின்றுபோனது. நீங்கள் கேட்ட விதி எல்லை தாண்டி வந்து அதை நிறுத்தவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பீர்கள். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு கெட்டிருக்கிறது என்றார்கள். சூளைப் புகையா, மருந்தா, பல வருட மரத்தூளா என்று கேட்டேன். எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "முத்துப்பேச்சிக்கு இருமல் இருக்கா? அவளையும் கூட்டிட்டு வந்து காட்டு வசந்தா." காட்டினேன். அவளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை உங்களிடம் வந்து சொன்னபோது, வெகு நாளைக்குப் பிறகு உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த மாசி மாதமே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

இனி அந்தச் சேதியைச் சொல்கிறேன். இதை நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு முத்துப்பேச்சி வந்தாள். காலியாகக் கிடந்த கிட்டங்கியின் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"சின்னக்கா, ஒருநாள் சூளையில வச்சு அக்கா எங்கிட்ட கேட்டாக. என்னையப் பாத்தா ஒனக்கு வெறுப்பா இல்லையாடின்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்ல மனசு வரல. அப்ப இருந்துச்சு. பிள்ளை போன நாள்ல இருந்து அவுகளப் பாத்தாலே வயிறு எரியும். வீட்ல தனியா கெடந்தா இன்னும் எரியும். அதான் வண்டி பின்னாடியே போனேன். அவுக கஷ்டப்படுறத கண்ணால பாக்கணும்னுதான் மொதல்ல போனேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டிட்டு, அடுத்த பெட்டிய ஒடச்சாக." முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்புறம் அது போயிருச்சு சின்னக்கா. எப்பப் போச்சுன்னு தெரியல. ஒருநாள் ஒரு வீட்டு வாசல்ல, 'நாந்தான் பிள்ளைய உள்ள விட்டேன்'னு அவுக ஆரம்பிச்சாக. எனக்குத் தாங்கல. போதுங்க்கா, இனி அதை நான் சொல்றேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, எனக்குள்ள வெறுப்பு இல்லைன்னு."

"அதை மதினிகிட்ட சொன்னியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். "சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். எப்பப் பாத்தாலும் வேலை. அக்கா எங்க போயிறப் போறாகன்னு இருந்துட்டேன்."

நீங்கள் கடைசி வரை அவளுடைய முதல் பதிலோடுதான் இருந்தீர்கள், மதினி. அது மாறிப் பல காலம் ஆகியிருந்தது என்பது தெரியாமலே போய்விட்டீர்கள். ஒரே வண்டியின் பின்னால், ஒரே புழுதியில், இருவரும் அத்தனை நாள் சேர்ந்து நடந்திருக்கிறீர்கள்.

நான் வேலையில் உயர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளைகளைப் பெற்றேன், ஓய்வும் பெற்றேன். முத்துப்பேச்சி போய்ச் சேர்ந்தும் சில வருடங்கள் ஆகின்றன. அவள் சொன்ன அந்த வார்த்தை, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இத்தனை காலம் என்னிடமே இருக்கிறது. அதை வேறு யாரிடம் கொடுப்பேன்?

அவளுக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை, மதினி.

வசந்தா